எதிரி: டாக்டர் கோகுலகிருஷ்ணன்

விருத்தாசலம்
16-6-2024

அன்புள்ள தம்பி கோகுலுக்கு,

அக்கா நீலாவதி எழுதுவது. இங்கே அம்மா, உன் மாமா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அதுவும் சீரியல் ஓடும் நேரத்தில் வருவதில்லை. நீயும் கயல்விழியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? லீட்ஸில் குளிர் விட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். நான் பேச ஆரம்பித்தாலே அம்மா வந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். நீயும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தில் வந்தால் முழுசாகப் படித்துத்தானே ஆகவேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். பீங்கான் பட்டறை முதலாளிகள் சேர்ந்து நடத்தும் எங்கள் பீங்கான் ஆஸ்பத்திரியில் ஐசியூ கட்டி முடித்தாயிற்று. பத்துப் படுக்கை, வெண்டிலேட்டர், மானிட்டர் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. என் நர்ஸ் பெண்களும் புதுச்சேரி போய்ப் பயிற்சி முடித்து வந்துவிட்டார்கள். டாக்டர்தான் இல்லை. தூசி படியக்கூடாதென்று வெண்டிலேட்டர்களைப் பூப்போட்ட பெட்ஷீட்டால் மூடி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் தையல் மிஷினா என்று கேட்கிறார்கள்.

சேர்மன் கொளஞ்சியப்பன் பேப்பரில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தார். நேர்காணலுக்கு வருகிற ஒவ்வொரு டாக்டருக்கும் தன் பட்டறையில் செய்த பீங்கான் பிள்ளையார் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் போனவர்கள்தான். தமிழ்நாட்டில் இருக்கும் பாதி ஐசியூ டாக்டர்கள் வீட்டில் நம் ஊர்ப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். நம் ஐசியூவில் ஒரு டாக்டரும் உட்காரவில்லை.

உன்னோடு படித்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் வருவார்களா என்று கேட்டுச் சொல். அப்பாவைப் புதுச்சேரிக்கு ஏற்றிக்கொண்டு போனோமே, நெய்வேலி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. இன்னும் எத்தனை பேரை அந்த ரோட்டில் ஏற்றி அனுப்புவது?

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா
நீலாவதி


லீட்ஸ்
7-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோகுல் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். வெயில் என்று இவர்கள் சொல்லும் ஒன்று வந்திருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறார்களா? இல்லை என்றே எழுதுவாய்.

உன் கடிதத்தைக் கயல் ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். தையல் மிஷினைப் படித்துச் சிரித்தாள்.

நண்பர்கள் சிலருக்கு எழுதியிருக்கிறேன். சேலத்தில் இருக்கும் தமிழ்ச்செல்வன் என்னோடு படித்தவன், தங்கமானவன். அவன் வந்து பார்ப்பான். ஆனால் அதிகம் நம்பாதே. இந்தப் படிப்புப் படித்தவர்களே கொஞ்சம் பேர். அவர்களும் சென்னை, கோவை, மதுரை என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். சம்பளத்துக்காக மட்டும் என்று உன் சேர்மன் நினைப்பார். அப்படி இல்லை. ஐசியூவில் ஒற்றை டாக்டராக யாரும் இருக்க முடியாது அக்கா. அவன் குளிக்கப் போனால் யார் பார்ப்பது? ஒரு முடிவு எடுத்தபின் "நான் செய்தது சரிதானா" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? ஒருவன் இருந்தால் இன்னொருவன் வருவான். முதல் ஆள்தான் கிடைக்கமாட்டான். இதைச் சேர்மனிடம் சொல்.

என் வேலை எப்போதும்போல் போகிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
கோகுல்


விருத்தாசலம்
4-8-2024

அன்புள்ள தம்பிக்கு,

ஆடிப்பெருக்குக்கு அம்மா கிளறிய சித்திரான்னம் இன்னும் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். கயல்விழி கடிதத்தை ஒட்டி வைத்தாள் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம். நீ எழுதியதில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதையும் கவனித்தேன்.

தமிழ்ச்செல்வன் வந்தார். நல்ல மனிதர். மிஷின்களைப் போட்டுப் பார்த்தார், என் பெண்களுக்கு உட்கார்ந்து பாடமும் எடுத்தார். சாப்பிடும்போது கேட்டார்: "எனக்கு அடுத்தது யாருங்க சிஸ்டர்?" யாரும் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டார். "இன்னொருத்தர் வந்தா சொல்லுங்க, நான் கட்டாயம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையாரை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். நீ எழுதியதையே அவரும் சொல்கிறார். ஒரே வாத்தியாரிடம் படித்தவர்களாயிற்றே.

அடுத்து ஒருவர் வந்தார். இறங்கியதும் "ஏர்போர்ட்டு எவ்வளவு தூரங்க?" என்று கேட்டார். "ரயில்வே ஜங்ஷனே இருக்குதுங்களே சார், எங்க வேணாலும் போலாம்" என்றார் சேர்மன். அவருக்கும் ஒரு பிள்ளையார். அப்புறம் ஒரு பெண் டாக்டர். அவருக்கு எங்களைப் பிடித்துவிட்டது, வீட்டுக்காரருக்குத்தான் சென்னையை விட்டு வர மனமில்லை. அவருக்கும் ஒன்று.

இப்போது சேர்மனும் சலித்துவிட்டார். "சிஸ்டர், தை பொறக்கற வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல மிஷினை வந்த வெலைக்கு வித்துட்டு, அந்த எடத்துல கொழந்தை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்கற சென்டர் வச்சிடலாம்" என்கிறார். அவர் மேலும் தப்பில்லை. என் பெண்கள்தான் முகம் வாடிப்போய் நிற்கிறார்கள். நீயே சொல், கற்றுக்கொண்டு வந்த வேலை கையில் இருக்க, நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி டாட்டா காட்டுவது எப்படி இருக்கும்?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீ ஏன் வரக்கூடாது?

உன் அக்கா
நீலாவதி


லீட்ஸ்
1-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பாப்பா புது வகுப்புக்குப் போகிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: இப்போது முடியாது. வீட்டுக் கடன் இருக்கிறது. கயல் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பாப்பாவின் பள்ளிக்கூடத்தையும் பார்க்கவேண்டும். நீ நினைப்பதுபோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது.

வேறு யாரையாவது பார். மதுரையில் இன்னும் இரண்டு பேருக்கு எழுதுகிறேன். அம்மாவிடம் எதையும் சொல்லி ஆசை காட்டாதே.

கோகுல்


விருத்தாசலம்
29-9-2024

அன்புள்ள தம்பி கோகுலுக்கு,

புரட்டாசி பிறந்துவிட்டதால் உன் மாமா கறி இல்லாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைத் தவிர வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

மதுரைக்காரர்கள் இருவரும் வரவில்லை. அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதாமல் இருந்தால் எனக்குத்தான் தூக்கம் வராது.

மணவாளநல்லூர்க் கோவிலுக்குப் போனேன். கொளஞ்சியப்பர்தான் நமக்குக் கோர்ட்டு என்று உனக்குத் தெரியும். திருடு போனாலும், பங்காளி நிலத்தை மடக்கினாலும், புருஷன் சொல்லாமல் ஓடிப்போனாலும் நம் ஊர்க்காரர்கள் காகிதத்தில் பிராது எழுதி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சேர்மன் பெயரும் கொளஞ்சியப்பன், சாமி பெயரும் கொளஞ்சியப்பர். முதல் ஆளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, நடக்கவில்லை. இரண்டாவது ஆளிடம் போனேன்.

அங்கே பிராது எழுதிக் கொடுக்கிறவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "சொல்லும்மா, என்னா கொறை?"

"ஆஸ்பத்திரிக்கு ஐசியூ டாக்டர் வேணுங்க."

"அது வேண்டுதலும்மா. அர்ச்சனை பண்ணிட்டுப் போ. பிராதுன்னா எதிரின்னு ஒருத்தர் இருக்கணும். யாரு மேல பிராது?"

யோசித்தேன் தம்பி. காலி நாற்காலி மேல் பிராது கொடுக்க முடியுமா? சேர்மனைச் சொல்லலாமென்றால் அந்த மனிதர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டார். பிள்ளையார் வாங்கிக்கொண்டு போனவர்களின் முகவரியும் என்னிடம் இல்லை. எனக்குப் பின்னால் ஆடு காணாமல் போன ஒரு அம்மா அவசரப்பட்டது: "சீக்கிரம் பேரைச் சொல்லும்மா, எனக்கு பஸ்ஸு போயிடும்."

உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"டாக்டர் கோகுலகிருஷ்ணன், லீட்ஸ், இங்கிலாந்து." அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எதிரி உனக்கு என்னா வேணும்?" கூடப் பிறந்த தம்பி என்றேன். "சரிதான், கூடப் பொறந்தவன் மேலதான் பாதிப் பிராது வருது" என்று சொல்லிவிட்டு எழுதி முடித்தார். 'படித்த படிப்பு ஊருக்கு வேண்டியிருக்க, எதிரி வர மறுக்கிறார். அழைத்து வந்து ஆஜர்படுத்த வேண்டும்.' நானே வேலில் கட்டினேன்.

கோபித்துக்கொள்வாய். கொள். பிராது கட்டினால் மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடும் என்று சொல்வார்கள். அதுவும் தை பிறப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது.

உன் அக்கா
நீலாவதி


லீட்ஸ்
20-10-2024

அக்காவுக்கு,

நலம்.

ஆட்டைத் திருடியவன் பெயரும் பங்காளியின் பெயரும் தொங்குகிற வேலில் என் பெயரையும் கட்டிவிட்டு வந்திருக்கிறாய். அதை என்னிடமே எழுதவும் செய்கிறாய். நான் யாருடைய நிலத்தை மடக்கினேன்?

உனக்கு ஒன்றும் தெரியாது. இனி இதைப் பற்றி எழுதாதே.

கோகுல்


விருத்தாசலம்
24-11-2024

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னாய், எழுதாமல்தான் இருந்தேன். தீபாவளிக்குக்கூட அம்மாவைத்தான் பேசவிட்டேன். ஆனால் போன வாரம் முழுக்க நீ எங்கள் ஐசியூவில் போன் வழியாக நின்றிருக்கிறாய். உன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சின்னத் திரைக்குள் விழுந்தது மட்டும்தான். மிச்சத்தை நான் எழுத வேண்டாமா? நாங்கள் எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டது.

ஆராயி சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவு வேலைக்குப் போகிற பெண். மழைக்குப் பயந்து பாம்பு வீட்டுக்குள் வந்திருக்கிறது. தரையில் படுத்திருந்தவளைக் கடித்துவிட்டது. விடிந்து எங்களிடம் கொண்டுவந்தபோது இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. டாக்டர் சனா, நம் கடைத்தெரு அப்துல் குத்தூஸ் பாயின் மகள், அவள்தான் டியூட்டி. எம்பிபிஎஸ் முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண். பாம்புக்கடி மருந்தை ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். வண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சனா என்னைப் பார்த்தாள். நான் போய்ப் பூப்போட்ட பெட்ஷீட்டை உருவினேன். மூச்சுக்குழாயில் டியூபைப் போட்டுவிட்டாள் அந்தப் பெண். வெண்டிலேட்டர் ஓட ஆரம்பித்தது. வந்த ஆம்புலன்ஸில் வெண்டிலேட்டர் இல்லை, அதனால் அவளை ஏற்றவில்லை.

அதற்கப்புறம்தான் வினையே. கிள்ளினாலும் அசைவில்லை. கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. அன்றைக்கு வெளியிலிருந்து பார்க்க வந்த பெரிய டாக்டர், "மூளை போயிடுச்சும்மா. மிஷினை எடுத்துட்டு வூட்டுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே அவள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானம், ரோஷம் எதுவும் ஞாபகம் வரவில்லை. உனக்கு அங்கே தூங்கும் நேரம் என்றுகூட நினைக்காமல் போனைப் போட்டேன்.

நீ பிராதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாம்பு எப்படி இருந்துச்சாம்? கறுப்பா, வெள்ளைக் கோடு போட்டா?" என்று கேட்டாய். பார்த்தவர்கள் ஆமாம் என்றார்கள். "அக்கா, மிஷினை எடுக்காதே. அது கட்டுவிரியன். கண்மணி விரிஞ்சு கெடக்கறதும் வெஷத்தோட வேலைதான், மூளை நல்லாதான் இருக்கும். அவங்களுக்கு எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும். கண்ணுக்குச் சொட்டு மருந்து வுட்டு மூடி வைங்க. போனை அவங்க காதுகிட்ட கொண்டு போ. அவங்க பேரு என்னா?"

நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய். "ஆராயிம்மா, நான் டாக்டர் கோகுல் பேசறேன். நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். கை காலு அசையாது, கண்ணு தொறக்காது. வெஷம் இறங்கற வரைக்கும் அப்பிடித்தான் இருக்கும். மூச்சை மிஷின் பாத்துக்கும். நீங்க சும்மா படுத்துக் கெடங்க. பயப்படாதீங்க."

அதற்கப்புறம் மிஷினில் எந்த அளவைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று சனாவுக்கு நீ சொல்லச் சொல்ல அவள் செய்தாள். தினமும் கூப்பிட்டோம். எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுத்தாய். என் பெண்களும் அவளிடம் வாய் ஓயாமல் பேசினார்கள். மழை பெய்யுது, உன் புள்ளை ஸ்கூலுக்குப் போயிட்டான், இப்ப திரும்பிப் படுக்க வைக்கப் போறோம் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் காலை அவளுடைய கால் கட்டைவிரல் அசைந்தது. நர்ஸ் கனகா ஓடிவந்து சொல்லிவிட்டு அங்கேயே அழுதாள்.

டியூபை எடுத்ததும் ஆராயி முதலில் என்ன செய்தாள் தெரியுமா? தொண்டை கட்டிய குரலிலேயே நாத்தனாரைத் திட்டினாள். "நான் உசுரோட கெடக்கறேன், என் காதுத் தோட்டை யாரு எடுத்துக்கறதுன்னு கட்டில் பக்கத்துல நின்னு பேசறியேடி!" அந்த நாத்தனார் இன்னும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இரண்டாவதாகக் கேட்டது உன்னை. "தெனம் வந்து பயப்படாதீங்கன்னு சொன்னாரே ஒரு டாக்டரு, அவரை எங்கங்க? கண்ணு தெரியாம, கை காலு வராம, செத்துட்டோம்னே நெனச்சேன். அவரு ஒருத்தருதான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. மொகத்தைப் பாக்கணும்." நீ பக்கத்தில் நின்றுதான் பேசினாய் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சீமையில் இருக்கிறார் என்றதும் நம்பவில்லை.

நேற்று நடந்து வீட்டுக்குப் போனாள்.

ஒன்றுதான் கேட்கவேண்டும் என்றிருந்தேன். அந்த வாரம் முழுக்க எப்போது கூப்பிட்டாலும் நீ வீட்டில்தான் இருந்தாய். லீவா?

உன் அக்கா
நீலாவதி


லீட்ஸ்
12-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கயலும் பாப்பாவும் நன்றாக இருக்கிறார்கள். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியும். அதனால் நேராகவே எழுதுகிறேன்.

லீவு இல்லை. நான் ஐசியூ வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரிக் கருவிகளில் கோளாறு வந்தால் அதைப் பற்றி அறிக்கை எழுதும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்தே செய்யலாம். கயலைத் தவிர யாருக்கும் தெரியாது. வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் என்று எழுதியது பொய் இல்லை. ஆனால் அதுவல்ல காரணம்.

கொரோனா நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது ஒன்றும் ஆகவில்லை. எத்தனையோ பேரின் காதுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்திருக்கிறேன். மறுமுனையில் மகனோ மகளோ மனைவியோ பேசுவார்கள். கேட்கிறதா என்று கேட்பார்கள். கேட்கிறது, பேசுங்கள் என்பேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைக்கவில்லை. எல்லாம் ஓய்ந்து, உலகமே சாதாரணமாகிவிட்ட பிறகு, ஒருநாள் வேலைக்குப் போனேன். ஐசியூ கதவுக்கு வெளியே ஒரு மணி இருக்கும், அழுத்தினால் உள்ளே இருப்பவர்கள் திறப்பார்கள். அதை அழுத்தக் கை போகவில்லை. வேர்த்துக் கொட்டியது. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான் ஆனது. கடையில் பில் போடுகிற மிஷின் கத்தினால்கூட உடம்பு தூக்கிப் போட்டது. மருத்துவரைப் பார்த்தேன், இப்போது எவ்வளவோ தேவலை. ஆனால் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அப்புறம் போகவே இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. ஊரே என்னை ஐசியூ டாக்டர் என்கிறது. அம்மா கோவிலுக்குக் கோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வேறு வேலில் கட்டிவிட்டாய். எனக்கு வந்த கோபம் உன் மேல் வந்த கோபம் இல்லை.

ஆராயி என்னைக் கேட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தைக் கயல் எனக்கு வாசித்துக் காட்டினாள். என்னால் அதைப் படிக்க முடியவில்லை. கேட்கிறது, பேசுங்கள் என்று அத்தனை பேரிடம் சொன்னேன். கேட்டது என்று திரும்பி வந்து சொன்னவள் இவள் ஒருத்திதான்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்.

கோகுல்


விருத்தாசலம்
29-12-2024

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ சாப்பிடு, தூங்கு, கயல்விழி சொல்வதைக் கேள். மற்றதெல்லாம் அப்புறம்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்து அழுதேன். டாக்டர் சனா பயந்துபோய் டீ வாங்கிக்கொண்டு வந்தாள். என்ன பைத்தியக்காரி நான்! முடியாமல் கிடக்கிறவனைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். நான் நர்ஸ்தானே? எத்தனையோ பேரின் முகத்தைப் பார்த்து ஜுரம் எவ்வளவு என்று சொல்லியிருக்கிறேன். தம்பி எழுதிய கடிதத்தில் ஒரு வரிதான் அவனைப் பற்றி இருக்கிறது என்று தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. உன் மாமாவிடம் மட்டும் சொன்னேன். "அவனை யாரும் தொந்தரவு பண்ண வேணாம். ஊருக்கு வரணும்னா டாக்டராவா வரணும்? தம்பியா வரட்டுமே" என்றார். மனுஷர் எப்போதாவது நல்ல வார்த்தை சொல்வார்.

வெள்ளிக்கிழமை மணவாளநல்லூர் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டேன். அதே கண்ணாடிக்காரர்தான் இருந்தார். "என்னாம்மா, எதிரி ஆஜராயிட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு வாபஸ்? கெடு இன்னும் இருக்குதே." எதிரி மேல் குற்றம் இல்லை, நான்தான் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று எழுதச் சொன்னேன். இப்படி யாரும் எழுதி அவர் பார்த்ததில்லையாம். எழுதிக் கொடுத்தார். இனி உன் பெயர் அங்கே இல்லை.

ஐசியூவைப் பற்றிக் கவலைப்படாதே. ஆராயி பிழைத்ததில் சேர்மனுக்கும் மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் டாக்டர் இல்லாமல் அவர்தான் என்ன செய்வார்? பொங்கலுக்கு முன்னால் மிஷின் வாங்குகிறவர்கள் வந்து பார்க்கிறார்கள். போனால் போகட்டும். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்கு நீ பெரிசு.

உன் அக்கா
நீலாவதி


லீட்ஸ்
30-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் மறுபடியும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நாளைக்கு மாற்றிப் பேசிவிடுவேன். எழுதி அனுப்பினால் மாற்ற முடியாது.

என் போன கடிதத்தைப் படித்ததும் பிராதை வாபஸ் வாங்க ஓடுவாய், எனக்குத் தெரியும். வாங்காதே. நான் வருகிறேன்.

கயலிடம் நிறையப் பேசினேன். மாசிக்கு முன்னால் நான் மட்டும் வருவேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவர்கள் இருவரும் வருவார்கள். முதலில் மூன்று மாதம், அப்புறம் பார்க்கலாம். தமிழ்ச்செல்வனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஐசியூவை விட்டதையும் சேர்த்து. "நீ மொதல் ஆளா போடா, ரெண்டாவது ஆளு நான்" என்றான். வாரம் மாற்றி வாரம் சேலத்திலிருந்து வருவான். நான் நின்றுவிட்டால் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இதைச் சேர்மனிடம் காட்டு. சனாவுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்போம். அவள் டியூப் போட்டதை நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் கேட்ட கேள்விகளைக் கேட்டேன். அவள் போதும்.

உன்னிடம் ஒரே ஒரு கோரிக்கை. முதல் நாள் அந்தக் கதவுக்கு முன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பக்கத்தில் இரு.

உன் தம்பி
கோகுல்


விருத்தாசலம்
19-1-2025

அன்புள்ள தம்பி கோகுலுக்கு,

பொங்கல் நன்றாகப் பொங்கியது. அம்மாவிடம் நீ வருவதை மட்டும் சொன்னேன், மற்றதை நீயே சொல்லிக்கொள். அன்றிலிருந்து முழங்கால் வலியைக் காணோம்.

நம் கடிதங்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ வாபஸ் வாங்காதே என்று எழுதுவதற்கு முன்பே நான் வாங்கி முடித்துவிட்டேன். ஆகையால் உன் மேல் பிராது எதுவும் இல்லை. சாமியும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. நீயாகத்தான் வருகிறாய். எனக்கு அதுதான் நிம்மதி.

உன் கடிதம் போகியன்று வந்தது. மிஷின் வாங்குகிறவர்கள் அப்போது ஐசியூவுக்குள்தான் நின்றார்கள். ஒருவர் வெண்டிலேட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கடிதத்தைச் சேர்மன் கையில் கொடுத்தேன். நீ ஐசியூ வேலையை விட்டதை எழுதிய பக்கத்தையும் சேர்த்தே கொடுத்தேன், மறைத்து ஆளைச் சேர்க்கக்கூடாது. நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தார். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க, மிஷினுங்களுக்கு வேலை வந்துடுச்சு" என்றார். அவர்களுக்கு ஆளுக்கொரு பிள்ளையார் கொடுத்து அனுப்பினார். பெட்ஷீட்டெல்லாம் சலவைக்குப் போய்விட்டது.

உன் விஷயத்தில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பிக்கு நம்ம வேலை ஒத்துக்கலைன்னா என்ன சிஸ்டர் பண்றது?" தம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பான், இன்னொரு டாக்டர் பார்ப்பார், அதற்குத்தானே இரண்டு பேர் என்றேன். தலையாட்டினார்.

ஆராயிக்கும் சொல்லியனுப்பினேன். நீ வருகிற அன்றைக்கு நடவு வேலை இருந்தாலும் போகமாட்டாளாம்.

முதல் நாள் நான் பக்கத்தில் இருப்பேன். டியூட்டி அப்படித்தான் போட்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் ஐசியூ கதவில் மணி கிடையாது. சும்மா தள்ளினாலே திறக்கும்.

உனக்கும் ஒரு பிள்ளையார் எடுத்து வைக்கச் சொல்லிச் சேர்மனிடம் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார். அது திரும்பிப் போகிறவர்களுக்குத்தானாம்.

உன் அக்கா
நீலாவதி